கல்லீரலைத் தூக்கிவிடும் கைகள்: உள்ளுறுப்பு ஆஸ்டியோபதியின் கதையும் கணக்கும்

நோயாளி சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்காருகிறார். சிகிச்சையாளர் பின்னால் நின்று இரண்டு கைகளையும் முன்பக்கம் கொண்டுவந்து, வலது விலாவின் கீழ் விளிம்பில் விரல்நுனிகளைப் பதிக்கிறார். முன்னால் கூன்போட்டுச் சாயச் சொல்கிறார். சாய்ந்ததும் வயிற்றுத் தசை தளர்கிறது. விரல்கள் விலாவுக்கு அடியில் மெதுவாக இறங்குகின்றன. கல்லீரலின் அடிவிளிம்பு விரல்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது என்று தோன்றும் கட்டத்தில் அதை மேல்நோக்கித் தூக்கி, சில நொடி நிறுத்தி, விட்டுவிடுகிறார். மறுபடி தூக்கல், மறுபடி விடுதல். வலி இருக்காது என்பார்கள். சிலருக்கு அழுத்தம் தெரியும், சிலருக்கு மூச்சு லேசானதுபோலத் தோன்றும்.

கையால் அழுத்தியும் நகர்த்தியும் உடம்பைச் சரிசெய்யப் பார்க்கும் முறை ஆஸ்டியோபதி; அதை உள்ளுறுப்புகளுக்குச் செய்வது உள்ளுறுப்பு ஆஸ்டியோபதி. அதன் ஆரம்பப் பாடங்களில் ஒன்று இது. இரைப்பையின் கீழ்வாய், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் வால்வு, இடுப்புக்குள் வளைந்து இறங்கும் பெருங்குடல், சிறுநீரகம், கர்ப்பப்பை, நுரையீரலைச் சுற்றியுள்ள உறை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிடி உண்டு. நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், மாதவிடாய் வலி, ஆபரேஷன் தழும்பின் இழுப்பு, தீராத இடுப்புவலி, ஏன், தோள்வலிக்குக்கூட வயிற்றில் கைவைப்பார்கள்.

இந்தச் சிகிச்சைக்குள் இரண்டு தனித்தனி வாதங்கள் ஒட்டிக்கிடக்கின்றன. வயிற்றுறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன, வெளியிலிருந்து அழுத்தினால் அவற்றுக்கோ அவற்றின் நரம்புகளுக்கோ ஏதோ நடக்கிறது என்பது முதலாவது. எந்த உறுப்பு சரியாக நகரவில்லை என்பதைக் கை கண்டுபிடித்துவிடும், அந்த நகராமைதான் நோய்க்குக் காரணம், நகர்த்திவிட்டால் நோய் போகும் என்பது இரண்டாவது. முதலாவதில் உண்மை இருக்கிறது. இரண்டாவதோ, 100 ஆண்டுகளுக்கு முன்பு டாக்டர்களே நம்பி, கத்தியும் எடுத்து, பிறகு சத்தமில்லாமல் கைவிட்ட ஒரு கருத்தின் நெருங்கிய சொந்தம்.

ஆஸ்டியோபதியைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்கர். 1864இல் மூளை உறைக் காய்ச்சலுக்குத் தன் பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்தவர். பாதரச மருந்தையும் பேதி மருந்தையும் கொடுத்து நோயாளியை மேலும் வதைத்த அன்றைய மருத்துவத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. 1874இல் தன் புது முறையை அறிவித்தார். 1892இல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் பள்ளி திறந்தார். எலும்பும் மூட்டும் சீராக இருந்தால் ரத்தமும் நரம்பும் தடையில்லாமல் வேலை செய்யும், உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்பது அவர் கொள்கை.

அதற்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரிந்தது. அமெரிக்காவில் ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் மெல்ல மெல்ல வழக்கமான மருத்துவத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டன. இன்று அங்கே அந்தப் பட்டம் பெற்றவர் மருந்து எழுதுவார், அறுவை செய்வார். கைவைத்தியம் அவருக்கு ஒரு கூடுதல் பாடம், பலர் அதைத் தொடுவதே இல்லை. ஐரோப்பாவில் அப்படி இல்லை. ஸ்டிலிடம் படித்த ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் 1917இல் லண்டனில் நிறுவிய பள்ளியின் வழியாகப் பரவியது முழுக்க முழுக்கக் கைத்தொழில். பிரான்சின் ஆஸ்டியோபத் மருந்துச்சீட்டு எழுத முடியாது. ‘அமெரிக்காவிலேயே அங்கீகாரம் பெற்ற சிகிச்சை’ என்ற விளம்பர வரியைப் படிக்கும்போது, அங்கே அங்கீகாரம் கிடைத்தது அந்த டாக்டர்களின் முழு மருத்துவப் படிப்புக்குத்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

உள்ளுறுப்புப் பிடிகளைத் தனித் துறையாக ஆக்கியவர் ழான்-பியேர் பரால், பிரான்சின் கிரெனோபிள் நகரத்துக்காரர். அங்கே நுரையீரல் நோயாளிகளுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, இறந்தவர்களின் உடற்கூறாய்வில் நுரையீரலைச் சுற்றிய திசுக்கள் தடித்தும் இழுபட்டும் இருப்பதைப் பார்த்தார். அந்த இழுவிசை முதுகெலும்புவரை போகிறது என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் முளைத்தது. 1983இல் பியேர் மெர்சியேயுடன் சேர்ந்து தன் முறையைப் புத்தகமாக எழுதினார். இன்று அவர் பெயரில் இயங்கும் நிறுவனம் பல நாடுகளில் பயிற்சி வகுப்பு நடத்துகிறது.

பராலின் கொள்கைப்படி உறுப்புகளுக்கு இரண்டு வகை அசைவு உண்டு. மூச்சாலும் நடையாலும் வெளியிலிருந்து வரும் அசைவு ஒன்று. உறுப்புக்குள்ளேயே பிறக்கும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அசைவு மற்றொன்று. இது நிமிடத்துக்கு ஏழெட்டு முறை நடக்கிறது, கருவில் அந்த உறுப்பு எந்தத் திசையில் வளர்ந்து திரும்பியதோ அதே தடத்தில் போய்வருகிறது, பழகிய உள்ளங்கைக்கு மட்டும் தெரியும் என்கிறார்கள். கையை மார்பெலும்புக்குக் கீழே சும்மா வைத்து, உடம்பு அதை எந்தப் பக்கம் ‘இழுக்கிறது’ என்று கவனிப்பது அவர்களுடைய முதல் பரிசோதனை.

முதல் வகை அசைவைப் பற்றிச் சண்டை இல்லை. மூச்சிழுக்கையில் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் என்ற தசை இறங்கும்போது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரலும் கூடவே இறங்குகிறது. சிறுநீரகமும் மூச்சின் ஆழத்துக்கேற்ப ஒன்று முதல் சில சென்டிமீட்டர்வரை இறங்கி ஏறும். அல்ட்ராசவுண்டில் யாரும் பார்க்கலாம். நாளொன்றுக்கு 20,000 மூச்சு என்று வைத்தால் சிறுநீரகம் தினமும் அரைக் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டலாம், கணக்கில் தப்பில்லை. ஆறு மீட்டர் நீளச் சிறுகுடல் முழுவதும் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் அடித்தளத்திலிருந்து விசிறிபோல விரிந்து தொங்குகிறது. இத்தனையும் உரசாமல் வழுக்கிப்போவதற்குத்தான் பெரிட்டோனியம் என்ற ஈரச்சவ்வு. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தபின் பெரும்பாலானோருக்கு இந்தச் சவ்வில் ஒட்டுகள் உண்டாகின்றன; சிலருக்கு அவையே குடலைக் கட்டி அடைத்து மறு ஆபரேஷன்வரை இழுத்துச்செல்லும்.

உறுப்பின் வலி வேறு இடத்தில் தெரிவதும் உண்மைதான். பித்தப்பைக் கோளாறு வலது தோளில் வலிக்கும். சிறுநீரகக் கல் தொடையிடுக்குக்கு இறங்கும். மாரடைப்பு இடக்கையில் பேசும். உறுப்பிலிருந்தும் தோலிலிருந்தும் வரும் நரம்புகள் தண்டுவடத்தின் ஒரே மட்டத்தில் வந்து சேர்வதால் மூளை இடம் மாறிப் புரிந்துகொள்கிறது. தோள்வலிக்காரரின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது ஆகவே அபத்தமில்லை. எந்த நல்ல டாக்டரும் அதைச் செய்வார்.

இரண்டாவது வகை அசைவில்தான் கால் வழுக்குகிறது. வயிற்றுக்குள் தாளங்கள் இருக்கின்றன, அளந்தும் இருக்கிறார்கள்: இரைப்பையின் மின் அலை நிமிடத்துக்கு சுமார் 3, சிறுகுடலின் தொடக்கத்தில் சுமார் 12, அதன் கடைசியில் 8 அல்லது 9. உறுப்புக்கு உறுப்பு, இடத்துக்கு இடம் மாறும் தாளங்கள் இவை. கல்லீரல், சிறுநீரகம், குடல் எல்லாம் ஏழெட்டு என்ற ஒரே தாளத்தில் கரு வளர்ந்த தடத்திலேயே அசைகின்றன என்பதை எந்தக் கருவியும் பதிவுசெய்து காட்டியதில்லை. கருவிக்குத் தெரியாதது கைக்குத் தெரியலாம் என்று வாதாடலாம். அப்படியானால் குறைந்தபட்சம் இரண்டு சிகிச்சையாளர்களின் கைகள் ஒரே நோயாளியிடம் ஒரே முடிவுக்கு வரவேண்டும்.

இந்த இடத்தில் பழைய கதைக்குப் போகவேண்டியிருக்கிறது.

1885இல் லியோன் நகர மருத்துவர் ஃபிரான்ட்ஸ் கிளெனார் ஒரு நோயை அறிவித்தார்: உறுப்பு இறக்கம். அசதி, மலச்சிக்கல், தலைவலி, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று டாக்டர் டாக்டராக அலைந்த நோயாளிகளுக்கு, குறிப்பாக ஒல்லியான பெண்களுக்கு, குடலும் இரைப்பையும் சிறுநீரகமும் இருக்கவேண்டிய இடத்தைவிட்டுக் கீழே தொங்குகின்றன, அதுதான் எல்லாவற்றுக்கும் மூலம் என்றார். கண்டுபிடிப்பதற்கு ஒரு சோதனையும் வைத்திருந்தார். நோயாளியின் பின்னால் நின்றுகொண்டு, இரு கைகளாலும் அடிவயிற்றைத் தாங்கி மேலே தூக்குவார். சுகமாக இருக்கிறது என்று நோயாளி சொன்னால், சட்டென்று விடுவார். விட்டதும் அசௌகரியம் திரும்பினால் நோய் உறுதி. சிகிச்சைக்கு வயிற்றுப் பட்டை, உணவுமுறை, பேதி மருந்து.

ஸ்டூலில் உட்கார்ந்த நோயாளியின் பின்னால் நின்று கல்லீரலைத் தூக்கிவிடும் இன்றைய பிடிக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? பராலின் முறை இங்கிருந்து நேராக வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தூக்கினால் இதமாக இருக்கிறது, ஆகவே அது இறங்கியதுதான் கோளாறு என்ற தர்க்கம் அப்படியே அதேதான்.

கிளெனாரின் நோய் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் பிடித்துக்கொண்டது. பட்டைக் கம்பெனிகள் கொழித்தன. அறுவை மருத்துவர்கள் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள். 1881இலேயே பெர்லினில் ஓய்கன் ஹான், நகரும் சிறுநீரகத்தைத் தையல்போட்டுப் பிடித்துவைக்கும் ஆபரேஷனைச் செய்திருந்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் சிறுநீரகத்தைக் கட்டுவதற்கு விதவிதமான முறைகள் வந்து குவிந்தன. இரைப்பையைக் கட்டினார்கள், பெருங்குடலைக் கட்டினார்கள். லண்டனில் ஆர்பத்னாட் லேன் இன்னும் ஒருபடி போய், குடலில் தேங்கும் கழிவுதான் நோய்களின் தாய் என்று சொல்லிப் பெருங்குடலையே வெட்டியெடுத்தார். நோயாளிகளில் சிலர் சுகமானதாகச் சொன்னார்கள். பலர் ஆகவில்லை. சிலர் மேஜையிலேயே போனார்கள்.

இந்த மோகத்தை அடக்கியது எக்ஸ்ரே. பிஸ்மத், பேரியம் போன்ற மருந்துக் கரைசலைக் குடிக்கவைத்து நிற்கும் நிலையில் படமெடுக்கத் தொடங்கியதும் இரைப்பையின் உண்மையான வடிவமும் இடமும் தெரிந்தன. உடற்கூறியல் புத்தகப் படங்களோ படுக்கவைத்த பிணங்களைப் பார்த்து வரைந்தவை. 1920களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆர்.ஓ. மூடி, அதுவரை யாரும் சரிவரச் செய்யாத ஒன்றைச் செய்தார்: எந்தப் புகாரும் இல்லாத மாணவ மாணவியரை வரிசையாக நிற்கவைத்துப் படமெடுத்தார். ‘இறங்கிய’ இரைப்பையும் ‘தொங்கும்’ குடலும் அவர்களிடமும் தாராளமாக இருந்தன. நோய் என்று கட்டித் தைக்கப்பட்டதில் பெரும்பகுதி, நிற்கும் மனிதரின் இயல்பான வயிறு.

கருத்து முழுவதுமாகச் சாகவில்லை. படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது சிறுநீரகம் 5 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கி, அதோடு சேர்ந்து வலியும் சிறுநீர் ஓட்டத் தடையும் இருப்பதை ஸ்கேனில் நிரூபிக்க முடிந்தால், இன்றும் லேப்ராஸ்கோப்பி மூலம் அதைக் கட்டிவைப்பதுண்டு. அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர். அளவுகோல் வந்தபிறகு எஞ்சியவர்கள் அவ்வளவுதான்.

உள்ளுறுப்பு ஆஸ்டியோபதி இன்னும் அந்த எக்ஸ்ரே கட்டத்தைத் தாண்டவில்லை என்பதே என் எண்ணம். ஆரோக்கியமான ஒருவரின் கல்லீரல் எவ்வளவு நகரவேண்டும்? 25 வயதில் எவ்வளவு, 60இல் எவ்வளவு, குண்டானவருக்கு எவ்வளவு? இந்தக் கணக்கு இல்லாமல் ‘உங்க கல்லீரல் சரியா அசையலை’ என்று ஒருவரால் எதை வைத்துச் சொல்ல முடியும்?

பரிசோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அதுவும் பராலின் சொந்த ஊரிலேயே. கிரெனோபிள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதலில் பிரான்சின் பிசியோதெரபிஸ்டுகள் மன்றம் கேட்டதற்காகவும், பிறகு 2018இல் ஆய்விதழ்க் கட்டுரையாகவும், இத்துறையில் அதுவரை வந்த ஆய்வுகளைத் தேடித் திரட்டி அலசினார்கள். ஒரு கை சொல்வதை இன்னொரு கை உறுதிசெய்கிறதா என்ற கேள்விக்கும், சிகிச்சை பலிக்கிறதா என்ற கேள்விக்கும் ஒரே விடைதான் கிடைத்தது: நம்பத்தகுந்த சான்று இல்லை. இருந்த ஆய்வுகள் சிறியவை, பெரும்பாலும் ஓட்டையானவை.

ஓட்டையில்லாத ஆய்வு செய்வது சுலபமும் இல்லை. மாத்திரைக்கு மாவு உருண்டை கொடுத்து ஒப்பிடலாம்; கைக்கு எதைக் கொடுப்பது? லேசாகத் தொட்டு நடிக்கலாம். ஆனால் நடிக்கிறவருக்குத் தான் நடிப்பது தெரியும். பாரிஸ் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வில் 400 இடுப்புவலிக்காரர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான ஆஸ்டியோபதியும் மீதிப் பேருக்கு வெறும் தொடுகையும் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் உண்மைச் சிகிச்சை பெற்றவர்கள் ஒரு பிடி முன்னால் இருந்தார்கள். நோயாளிக்கு அன்றாடத்தில் உறைக்கிற அளவுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை என்று ஆய்வாளர்களே எழுதிவிட்டார்கள்.

வயிற்றுப் பிடிகளை மட்டும் தனியாகச் சோதித்தவற்றில் ஆஸ்திரேலியாவில் 64 இடுப்புவலிக்காரர்களிடம் நடத்தி 2015இல் வெளிவந்த ஆய்வு ஒழுங்கானது. எல்லோருக்கும் சாதாரண பிசியோதெரபி, பாதிப் பேருக்குக் கூடவே உள்ளுறுப்புப் பிடி, மற்றவர்களுக்கு நடிப்புப் பிடி. ஆய்வின் முக்கியக் கேள்வி ஆறாவது வாரத்தில் வலி குறைந்ததா என்பது. வித்தியாசம் இல்லை. ஓராண்டு கழித்துக் கேட்டபோது பிடி வாங்கியவர்களுக்கு வலி கொஞ்சம் குறைவாக இருந்தது. நடமாட்டத்திலும் வேலைத்திறனிலும் அப்போதும் மாற்றமில்லை. ஆதரவாளர்கள் அந்த ஓராண்டுக் கணக்கை மட்டும் எடுத்துக்காட்டுவார்கள். ஆறு வாரத்தில் ஒன்றும் செய்யாத பிடி 52ஆவது வாரத்தில் எப்படி வேலை செய்தது என்று யாரும் விளக்கியதாகத் தெரியவில்லை. என்னைக் கேட்டால், பல கேள்விகள் கேட்டால் ஒன்றிரண்டு தற்செயலாகவே சாதகமாக வரும் என்பதுதான் விளக்கம்.

டெஸ்ட்டில் எதுவும் தெரியாமலே வயிற்றுவலியும் மலப்போக்குக் கோளாறும் படுத்தும் எரிச்சல் குடல் நோய்க்காரர்களிடம் கதை சற்றுச் சுவாரசியமானது. மருந்துக்கு மசியாத 31 பேரிடம் பிரான்சில் நடந்த ஒரு சிறு ஆய்வில், மேலோட்டமாகத் தடவியதைவிட உள்ளுறுப்புப் பிடிக்குப் பின் வயிற்றுவலி, உப்பசம், பேதி குறைந்தன. மலச்சிக்கல் அசையவில்லை. இதை நம்பலாமா? நம்புவதற்கு முன் பாஸ்டனில் நடந்து 2008இல் வெளியான இன்னொரு ஆய்வைப் பார்க்கவேண்டும். அதில் ஆஸ்டியோபதியே கிடையாது. இதே நோயுள்ள 262 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். காத்திருப்போர் பட்டியலில் சும்மா வைக்கப்பட்டவர்களில் 28 சதவீதம் பேர் மூன்று வாரத்தில் போதுமான நிம்மதி கிடைத்ததாகச் சொன்னார்கள். உடம்பில் இறங்காத போலி ஊசியால் அக்குபங்சர் நடிப்பு பெற்றவர்களில் 44 சதவீதம். அதே போலி ஊசியோடு, சிகிச்சையாளர் பக்கத்தில் உட்கார்ந்து, பரிவோடு பேசி, காதுகொடுத்துக் கேட்ட குழுவில் 62 சதவீதம்.

இந்த 62ஐ உள்ளுறுப்பு ஆஸ்டியோபதி அமர்வின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரைமணிக்கு மேல் நேரம், அமைதியான அறை, வெதுவெதுப்பான கை, அவசரமில்லாத கேள்விகள். ‘டெஸ்ட் எல்லாம் நார்மல், உங்களுக்கு ஒண்ணுமில்லை’ என்று ஐந்து நிமிடத்தில் வெளியே அனுப்பப்பட்ட ஒருவருக்கு முதல்முறையாக யாரோ ‘ஆமாம், இங்கேதான் இருக்கு’ என்று வயிற்றைத் தொட்டுச் சொல்கிறார்கள். சுகம் நிஜமானது. அந்தச் சுகத்தைக் கொடுத்தது கல்லீரலின் திருப்பமா என்பதுதான் கேள்வி.

ஒட்டுகளைப் பொறுத்தவரை கதவு இன்னும் மூடவில்லை. எலிகளின் வயிற்றில் ஆபரேஷன் செய்து ஒட்டுகளை உண்டாக்கி, உடனே கையால் வயிற்றை அசைத்துக்கொடுத்தால் ஒட்டுகள் குறைகின்றன என்று 2012இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நேற்று உண்டான மெல்லிய ஒட்டு அது. பத்து வருடத்துக்கு முன் சிசேரியன் ஆன பெண்ணின் தடித்த ஒட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்துமா என்பது வேறு கேள்வி. மனிதர்களிடம் அதற்கு விடை இல்லை. அமெரிக்கர்கள் முதியோர் நிமோனியாவுக்கு, மார்பை அழுத்தி விடும் பழைய ஆஸ்டியோபதிப் பிடிகளை 400க்கும் மேற்பட்டோரிடம் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். சேர்க்கப்பட்ட எல்லோரையும் கணக்கில் எடுத்தால் பலன் இல்லை. சிகிச்சையை முழுமையாகப் பெற்றவர்களை மட்டும் எண்ணினால் சற்றுச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். இந்தத் துறையின் முடிவுகள் பலவும் இந்த ரகம்தான்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 1993 முதல் தனிச் சட்டமும் பதிவு மன்றமும் உண்டு. பிரான்சில் 2002இல் பட்டப்பெயருக்கு அங்கீகாரம் கிடைத்தது. 2007 ஆணை, ஆஸ்டியோபத் இடுப்புக்குள் விரல்விட்டுச் செய்யும் பரிசோதனைகளையும் மகப்பேறு சார்ந்த பிடிகளையும் நேரடியாகத் தடைசெய்தது. இந்தியாவில் ஆஸ்டியோபதிக்கென்று தனி மன்றம் இல்லை. பிசியோதெரபி படித்தவர்கள் குறுகிய காலப் பயிற்சியாகக் கற்றுக்கொண்டு செய்வதே இங்கே அதிகம். ஆகவே கைவைக்கிறவரின் அடிப்படைப் படிப்பு என்ன என்று கேட்டுவிடுவது நோயாளியின் பொறுப்பாகிவிடுகிறது.

வயிறு உருவுவது நமக்குப் புதிதில்லை. குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால் ‘குடல் ஏறிருச்சு’ என்று எண்ணெய் தடவி உருவிவிடும் கைகள் இன்னும் ஊரூராக இருக்கின்றன. பெரும்பாலும் கேடில்லை. ஆனால் விட்டுவிட்டு வீறிட்டு அழுது, வாந்தியும் எடுத்து, மலத்தில் ரத்தமும் சளியும் வந்தால் அது குடல் குடலுக்குள் செருகிக்கொண்டதாக இருக்கலாம்; மணிக்கணக்கில் முடிவெடுக்கவேண்டிய அவசரம். பெரியவர்களிடமும் ஆபத்து அழுத்தத்தில் இருப்பதைவிடத் தாமதத்தில்தான் அதிகம். காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம், தூக்கத்தைக் கலைக்கும் வலி, மஞ்சள் காமாலை, மாலைக் காய்ச்சல், 50 வயதுக்குமேல் புதிதாக மாறிய மலப்பழக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் போகவேண்டியது டாக்டரிடம். நம் நாட்டில் குடல் காசநோய் இப்படித்தான் மாதக்கணக்கில் வெறும் வயிற்றுவலியாக வேஷம் போடும். கர்ப்பிணிகள், வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் ஆழமான பிடிகளுக்குப் போகவே கூடாது.

எல்லாம் பார்த்தாயிற்று, எரிச்சல் குடல்தான் என்று உறுதியாகிவிட்டது, கையால் தடவினால் இதமாக இருக்கிறது என்றால், தெரிந்தே போவதில் தப்பில்லை. சாதகமாக வந்த ஆய்வுகளில்கூடக் கொடுக்கப்பட்டவை ஒரு சில அமர்வுகள்தான். ‘உங்க கல்லீரல் ஒட்டிக்கிச்சு, ஆறு மாசம் வரணும்’ என்று முன்பணம் கேட்கும் இடத்துக்கு இவற்றில் எந்த ஆய்வும் துணைக்கு வராது.